மெய்யும் நிகரும்: குழந்தை இதய மருத்துவத்தின் புதிய படிமங்கள் குறித்து

1

தமிழில் ‘மெய்’ என்ற சொல் உண்மையையும் குறிக்கும்; உடலையும் குறிக்கும். அண்மைக் காலத்தில் வழக்குக்கு வந்த ‘மெய்நிகர்’ என்னும் கலைச்சொல்லை ஆக்கியோர் இவ்விரு பொருளையும் கருத்திற் கொண்டனரோ இல்லையோ, குழந்தைகளின் பிறவி இதயக் குறைபாடுகளுக்குச் சிகிச்சையைத் திட்டமிடும் துறைக்கு அச்சொல் வந்து சேர்ந்தபொழுது இரு பொருளும் ஒருங்கே பொருந்திவிட்டன. அங்கு காட்டப்படுவது ஓர் உடலுறுப்பின் நிகர். அதனை உண்மையாகவே கொள்ளலாமா என்பது இக்கட்டுரை எழுப்பும் வினா.

சி.ரி. ஸ்கான், எம்.ஆர்.ஐ. ஸ்கான், எக்கோ ஆகியவற்றாற் பெறப்படும் தரவுகளைக் கொண்டு ஒரு குழந்தையின் இதயத்தை முப்பரிமாண உருவமாகக் கணினியில் ஆக்குகின்றனர். பின்னர், தலையில் அணியும் கண்ணாடிக் கருவியினூடாக அவ்வுருவத்தைச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காட்டுகின்றனர். குழந்தையின் கைப்பிடியளவேயான இதயம் ஓர் அறையளவு பெரிதாகி அவர்முன் நிற்கின்றது. அவர் அதன் சுவரை விரும்பிய இடத்தில் வெட்டிப் பார்க்கலாம். உள்ளே புகுந்து நின்று துவாரத்தின் விளிம்பை அளக்கலாம். தாம் பொருத்தக் கருதும் தட்டியை முன்னரே பொருத்திப் பார்க்கலாம். கலிபோர்னியாவின் லூசில் பக்காட் சிறுவர் வைத்தியசாலையினர் 2017 ஆம் ஆண்டளவில் ‘ஸ்ரான்ஃபோட் மெய்நிகர் இதயம்’ என்ற பெயரில் இத்தகைய முறையொன்றை மாணவருக்கும் பெற்றோருக்கும் விளக்கமளிக்கும் பொருட்டு அறிமுகஞ் செய்தனர். இலண்டனில் கிங்ஸ் கல்லூரியையும் எவலினா சிறுவர் வைத்தியசாலையையும் சார்ந்த ஆய்வாளர் ஒரு படி மேலே சென்று, நோயாளிக் குழந்தையின் சொந்த எக்கோப் படிமங்களையே இவ்வாறு நோக்கிச் சத்திரசிகிச்சையைத் திட்டமிடும் முறையை வளர்த்தனர்.

இம்முயற்சிகள் பற்றி இருவகைக் குரல்கள் ஒலிக்கின்றன. ‘இனி இதயத்தில் மறைந்திருப்பது எதுவுமில்லை, குழந்தையின் நெஞ்சைத் திறக்குமுன்னரே யாவும் வெளிச்சமாகிவிட்டது’ என்பது ஒரு குரல். ‘இது விளையாட்டுக் கருவி, கைத்திறனும் அனுபவமும் உடைய நிபுணருக்கு இது வேண்டியதில்லை’ என்பது மற்றது. இரண்டையும் மறுப்பதே எமது நோக்கம். ஆயினும் இரு சாராரையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. இரண்டாம் சாரார் சிலரே. அவர்தம் குரலும் தேய்ந்து வருகின்றது. முதற் சாராரிடமோ விளம்பரமும் முதலீடும் காலத்தின் ஆதரவும் உள்ளன. எனவே மறுப்பின் பெரும்பகுதி அவர்களுக்கே உரியது.

எமது நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே கூறிவிடலாம். மெய்நிகர்ப் படிமம் பயனுள்ள ஓர் ஊகம். ஊகம் இழிவானதன்று, மருத்துவம் ஊகத்தாலேயே வளர்ந்தது. ஆனால் சரிபார்க்கப்படும் ஊகம் அறிவாகின்றது. சரிபார்க்கப்படாத ஊகம் நம்பிக்கையாகவே நின்றுவிடுகின்றது. குழந்தையொன்றின் நெஞ்சைத் திறப்பதற்கு நம்பிக்கை போதிய சான்றன்று.

2

பிறவி இதயக் குறைபாடு அருமையாக நிகழ்வதொன்றன்று. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேரிடம் அது காணப்படுகின்றது. இவர்களுட் பலருக்கு இருப்பது சிறு துவாரமே; சிலருக்கு அது தானே மூடிக்கொள்வதுமுண்டு. வேறு சிலரின் இதயமோ அமைப்பிலேயே மாறுபட்டது. அறைகள் இடம்மாறியிருக்கும், குழாய்கள் புறப்பட வேண்டிய இடத்திற் புறப்படாதிருக்கும், ஒரு வால்வு இல்லாதேயிருக்கும். ஒரே பெயரால் அழைக்கப்படும் குறைபாடும் இரு குழந்தைகளில் ஒரே வடிவில் இருப்பதில்லை. இத்தகைய இதயங்களைப் பற்றி மருத்துவம் எங்கிருந்து கற்றது என வினவின், இறந்த குழந்தைகளிடமிருந்து என்பதே நேர்மையான விடையாகும்.

மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவ அரும்பொருட்சாலையைப் பேணிவந்த மோட் அபொற் என்ற பெண் மருத்துவர், பிறவி இதய நோய்கள் பற்றிய தமது படநூலை 1936 இல் வெளியிட்டார். 1,000 நோயாளரின் விவரங்களை அடிப்படையாகக் கொண்டு எழுந்த நூல் அது. நோயாளி வாழ்ந்தபொழுது மருத்துவர் கண்ட குறிகளையும், இறந்தபின் இதயத்தை அறுத்து நோக்கியபொழுது கண்டவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டதே அந்நூலின் வலிமை. பால்டிமோர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹெலன் ரோசிக் என்ற மருத்துவர் இதே வழியைத் தொடர்ந்தார். செவிப்புலன் குன்றியிருந்த அவர் ஊடுகதிர்த் திரையையும் தம் விரல்களின் உணர்வையும் துணைகொண்டு ‘நீலக் குழந்தைகளை’ ஆராய்ந்தார். நுரையீரலுக்குச் செல்லும் குருதி போதாமையே அவர்களுட் பலரின் துன்பத்துக்குக் காரணமெனத் தெளிந்தார். அவருடைய தெளிவிலிருந்தே 1944 நவம்பர் 29 ஆந் திகதி அல்பிரட் பிளலொக் அங்கு செய்த புகழ்பெற்ற சத்திரசிகிச்சை பிறந்தது. அம்முறையை ஆய்வுகூடத்தில் நாய்களிற் செய்து செப்பனிட்டவர் விவியன் தோமஸ் என்னும் கறுப்பின உதவியாளர். மருத்துவப் பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. சத்திரசிகிச்சையின்போது பிளலொக்கின் பின்னே நின்று வழிகாட்டியவரும் அவரே.

இவ்வரலாற்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இறந்த குழந்தைகளின் இதயங்கள் பல வைத்தியசாலைகளிற் சேகரித்து வைக்கப்பட்டன. இளஞ் சத்திரசிகிச்சையாளர் பலர் அவற்றைக் கையில் எடுத்து நோக்கியே குறைபாடுகளின் வடிவங்களைக் கற்றனர். ஆனால் பெற்றோர் பலரிடம் அதற்கு முறையான சம்மதம் பெறப்படவில்லை. இங்கிலாந்தில் 1999 இல், பிறிஸ்ரல் நகரின் குழந்தை இதய சத்திரசிகிச்சை பற்றிய விசாரணையில் அளிக்கப்பட்ட சாட்சியமொன்றின்போது, லிவர்பூல் அல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலையில் இருந்த பெருந்தொகையான இதயங்கள் பற்றிய செய்தி வெளிப்பட்டது. தம் குழந்தையை முழுமையாக அடக்கஞ் செய்துவிட்டதாக எண்ணியிருந்த பெற்றோர், அதன் இதயம் ஒரு கண்ணாடிச் சாடியில் இருப்பதை ஆண்டுகள் பல கழிந்தபின் அறிந்தனர். 2004 ஆம் ஆண்டின் மனித இழையச் சட்டம் இத்துயரின் விளைவாக எழுந்ததே.

இப்பின்னணியை உணராதோர் மெய்நிகர் இதயத்தின் உண்மையான சிறப்பை உணரார். எவரிடமிருந்தும் எதனையும் பறிக்காமல், உயிருள்ள குழந்தையின் இதயத்தையே நோக்கிக் கற்கும் வாய்ப்பை அது தருகின்றது. இது சிறிய நன்மையன்று. ஆனால் அபொற்றின் நூலை அறிவாக்கியது சேகரிப்பு மட்டுமன்று, ஒப்பீடு. அந்த ஒப்பீடு இன்று நிகழ்கின்றதா என்பதைப் பின்னர் நோக்குவோம்.

3

இக்கருவியை விளையாட்டுப் பொருளென இகழ்வோருக்கு ஓர் உதாரணம் போதுமானது.

இயல்பான இதயத்தில் பெருநாடி இடது இதயவறையிலிருந்தும், நுரையீரல் நாடி வலது இதயவறையிலிருந்தும் புறப்படுகின்றன. சில குழந்தைகளில் இவ்விரு குழாய்களும் முற்றாகவோ பெரும்பாலாகவோ வலது இதயவறையிலிருந்தே புறப்படுகின்றன. இடது இதயவறைக்கு வந்த குருதி வெளியேறுவதற்கு இரு அறைகளுக்குமிடையிலுள்ள பிரிசுவரின் துவாரமே வழியாகின்றது. சாதாரணமாக நோயென்று கருதப்படும் துவாரம் இங்கு உயிர்நாடியாகின்றது. சத்திரசிகிச்சை நிபுணர் அத்துவாரத்திலிருந்து பெருநாடி வரை, வலது அறைக்குள்ளேயே ஒரு சுரங்கவழியை அமைக்க வேண்டும்.

துவாரம் பெருநாடியின் கீழே இருப்பின் சுரங்கவழி குறுகியது. வேலை ஒப்பீட்டளவில் எளிது. நுரையீரல் நாடியின் கீழே இருப்பின் துவாரத்தை அந்நாடியோடு இணைத்து, பின்னர் இரு பெருங்குழாய்களையும் வெட்டி இடம்மாற்றிப் பொருத்த நேரலாம். இரண்டுக்கும் தொலைவில் இருப்பின் சுரங்கவழி நீண்டு வளைந்து, வால்வின் நாண்களுக்கிடையே செல்ல வேண்டியதாகும். பின்னாளில் அது அடைபடவும் கூடும். அமைக்கவே இயலாதெனின் எஞ்சுவது வேறு பாதை. பிரெஞ்சு நிபுணர் பிரான்சிஸ் பொன்ரான் 1971 இல் வெளியிட்ட முறையின் வழிவந்த அப்பாதையில், உடலிலிருந்து திரும்பும் குருதி இதயவறையொன்றின் உந்துதலின்றியே நுரையீரலுக்குச் செலுத்தப்படுகின்றது. அக்குழந்தை பல கட்டங்களாகச் சத்திரசிகிச்சை பெற்று, உந்தும் அறை ஒன்றையே நம்பி வாழும். வளர்ந்தபின் ஈரல் முதலிய உறுப்புகளும் பாதிப்புறலாம்.

ஒரு மனிதர் இரு இதயவறைகளோடு வாழ்வதா, ஒன்றோடு வாழ்வதா என்பதைச் சில மில்லிமீற்றர் தூரமே தீர்மானிக்கும் நிலை இது. இத்தூரத்தைத் தட்டையான படங்கள் பலவற்றைப் பார்த்து மனத்திற் கூட்டிக்கொள்வதே நீண்டகால வழக்கம். மிகத் தேர்ந்தவர் அதனைச் செய்வர். ஆனால் ஒருவர் தம் மனத்திற் கண்ட உருவத்தை அடுத்தவர் காண்பதற்கு வழியில்லை. அது பிழையெனின் திருத்துவதற்கும் வழியில்லை. பிழை வெளிப்படும் இடம் சத்திரசிகிச்சைக் கூடமே. அங்கு குழந்தையின் குருதியோட்டம் இயந்திரத்தின் பொறுப்பிலிருக்கும், இதயம் நிறுத்தப்பட்டிருக்கும், ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலையுண்டு. அந்த நேரத்திற் புதிதாகச் சிந்திக்க நேர்வதிலும், முதல்நாள் மாலை மேசையைச் சூழ்ந்திருந்து சிந்தித்தல் மேலானது என்பதை மறுப்பார் உளரோ?

அனுபவம் போதும் என்போர் இன்னொன்றையும் மறந்துவிடுகின்றனர். அனுபவம் எவ்வாறு பெறப்பட்டது? தொடக்ககால நோயாளரின் இழப்புகளே பிற்கால நோயாளரின் நலனாயின. இளம் நிபுணர் ஒருவர் உயிருள்ள குழந்தையில் முதன்முறை காணவிருக்கும் வடிவத்தை முன்கூட்டிக் காண்பதற்கு வழியிருந்தும் அதனை விளையாட்டென்று ஒதுக்குதல் தற்பெருமையாகும். அதற்கான விலையைத் தற்பெருமையுடையோர் கொடுப்பதில்லை.

4

இனி முதற் சாராரிடம் வருவோம். ‘மறைந்திருப்பது எதுவுமில்லை’ என்னும் அவர்கள் கூற்று மூன்று இடங்களில் தவறுகின்றது.

முதலாவது, எல்லை வரைதல். ஸ்கான் இயந்திரம் இதயத்தின் சுவரைத் தருவதில்லை. சாம்பல் நிறத்தின் ஏற்றத்தாழ்வுகளையே தருகின்றது. உடலை அரை மில்லிமீற்றர் அளவான நுண்கட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைத் தருவதே அதன் தொழில். எந்த எண் வரை குருதி, எந்த எண்ணிலிருந்து சுவர் என்பதை ஒரு மனிதரோ, மனிதரால் பயிற்றப்பட்ட கணினியோ தீர்மானிக்கின்றது. ஒரே கட்டிக்குள் குருதியும் சுவரும் கலந்திருப்பின் அக்கட்டி இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணைப் பெறும். தீர்மானம் ஒரு புறம் சாய்ந்தால் மெல்லிய பிரிசுவர் மறைந்து, இல்லாத துவாரம் தோன்றும். மறுபுறம் சாய்ந்தால் உள்ள துவாரம் அடைபடும். எக்கோவிலும் இவ்விடர் உண்டு. ஒலியலையின் திசைக்கு இணையாக அமைந்த மெல்லிய சுவர் படிமத்தில் விடுபட்டுப்போவதை அத்துறையினர் நன்கறிவர். தட்டையான படத்தை நோக்குபவருக்கு இவ்வையம் கண்ணெதிரே தெரிந்தது, விளிம்பு மங்கலாயிருந்தது. கண்ணாடிக் கருவியிலோ விளிம்புகள் யாவும் ஒரே கூர்மையுடன் மிளிர்கின்றன. அறியாதது அகற்றப்படவில்லை, வர்ணம் பூசப்பட்டுள்ளது.

இரண்டாவது, அசைவு. பச்சிளங் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை வரை துடிக்கின்றது. வால்வுகளின் மடல்கள் மிக மெல்லியவை, விரைந்து அசைபவை. அவற்றைத் தாங்கும் நாண்கள் நூலிழை போன்றவை. சி.ரி. ஸ்கானின் தரவிலிருந்து ஆக்கப்படும் உருவத்தில் அறைகளும் பெருங்குழாய்களும் தெளிவாய் இருக்கும்; நாண்கள் பெரும்பாலும் இரா. மேலே கூறிய சுரங்கவழியை எண்ணிப் பாருங்கள். ஒரு வால்வின் நாண்கள் துவாரத்தைக் கடந்து மறுபக்கத்திற் பற்றியிருக்குமாயின் அவ்வழியை அமைப்பது கடினம். சில வேளை இயலாது. அதாவது, தீர்மானத்துக்கு மிக வேண்டிய செய்தியே அழகிய உருவத்தில் இல்லாதொழிகின்றது. எக்கோவில் அது தெரியக்கூடும். ஆனால் அறையளவு பெரிய ஓவியத்தைக் கண்டு மகிழ்ந்தவரின் கண் மங்கலான எக்கோப் படத்துக்குத் திரும்புமா?

மூன்றாவது, நிலை. ஸ்கானில் நாம் காண்பது குருதி நிறைந்து துடிக்கும் இதயம். சத்திரசிகிச்சை நிபுணர் திறப்பது குருதி வடிந்து, நிறுத்தப்பட்டு, தளர்ந்து மடிந்த இதயம். முன்னையதில் வட்டமாயிருந்த துவாரம் பின்னையதில் நீண்ட பிளவாகத் தோன்றலாம். படிமத்தில் அளந்த தட்டியின் அளவு அவ்வண்ணமே பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. தட்டியைத் தைத்து, இதயம் மீண்டும் நிறைந்து துடிக்கும்பொழுதே அளவு சரியோ பிழையோ என்பது தெரியவரும்.

இம்மூன்றும் அத்துறை ஆய்வாளர் அறியாதன அல்ல. அவர்தம் கட்டுரைகளின் இறுதிப் பந்திகளில் இவை குறிப்பிடப்படுகின்றன. ஆனால் கண்ணாடிக் கருவிக்குள் அவை எழுதப்படுவதில்லை. எமது வாதம் இதுவே: குறைபாடு கட்டுரையின் இறுதியில் இருந்தாற் போதாது, படிமத்திலேயே இருக்க வேண்டும். எல்லை ஐயத்துக்குரியதாயுள்ள சுவர் ஐயத்துக்குரியதாகவே காட்டப்படட்டும். நாண்கள் காணப்படவில்லையெனின் ‘இங்கு நாண்கள் நோக்கப்படவில்லை’ என்று அவ்விடத்திலேயே பொறிக்கப்படட்டும். பழைய தேசப்படங்களை வரைந்தோர் அறியாத நிலத்தை வெற்றிடமாக விட்டனர். அந்நேர்மை எமது கணினிகளுக்கும் வேண்டும்.

பெற்றோரை எண்ணும்பொழுது இக்கோரிக்கை மேலும் வலுப்பெறுகின்றது. தம் குழந்தையின் இதயத்தைக் கண்முன் கண்ட தாய், தந்தையர் மருத்துவர் யாவும் அறிந்துவிட்டார் எனக் கருதுதல் இயல்பு. விளக்கம் தருவதற்காக அணிவிக்கப்பட்ட கருவி, ஐயத்தை மறைப்பதற்கும் பயன்பட்டுவிடும். சம்மதம் பெறும் மருத்துவர், ‘இது உங்கள் குழந்தையின் இதயத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்து, இன்ன பகுதியை நாம் இன்னமும் காணவில்லை’ என்று கூறக் கடமைப்பட்டவர். சம்மதமின்றி இதயங்களைச் சேகரித்த தலைமுறையின் தவற்றைக் கண்டிக்கும் நாம், அரைகுறை அறிவைக் காட்டிப் பெற்ற சம்மதத்தை முழுச் சம்மதமென்று கொள்ளலாகாது.

5

அடுத்தது, மதிப்பீடு. இக்கருவிகள் பயனுடையன என்பதற்குக் காட்டப்படும் சான்றுகள் எத்தகையன? சத்திரசிகிச்சையாளர் சிலரிடம் கருவியைக் கொடுத்து, ‘இதனால் உமக்குத் தெளிவு ஏற்பட்டதா? உமது உறுதி கூடியதா?’ என வினவுவது பெருவழக்காயுள்ளது. ஏற்பட்டது என்றும் கூடியது என்றும் அவர்கள் விடையளிக்கின்றனர். உறுதி கூடுதல் நன்றே. ஆனால் பிழையான திட்டத்திலும் உறுதி கூடலாம். உறுதியை அளப்பது உண்மையை அளப்பதாகாது.

மெய்நிகர்ப் படிமத்தின் உடன்பிறப்பாகிய முப்பரிமாண அச்சு உருவங்கள் பற்றி 2017 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று இதனினும் ஒருபடி மேலானது. 10 நிலையங்களைச் சேர்ந்த, சிக்கலான குறைபாடுடைய 40 நோயாளரின் சிகிச்சைத் திட்டம் அச்சு உருவத்தைக் காணுமுன்னரும் கண்டபின்னரும் ஆராயப்பட்டது. 19 பேரின் திட்டம் மாறியது. ஏறத்தாழ அரைவாசி! இவ்வெண்ணைப் புறக்கணித்தல் இயலாது. உருவத்தைக் கையிற் கொண்டோர் வேறுவிதமாகச் சிந்தித்தனர் என்பது தெளிவு. ஆயினும் மாற்றம் வேறு, முன்னேற்றம் வேறு. முந்திய திட்டத்தின்படி செய்திருப்பின் அதே குழந்தைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் கூறவியலாது.

‘இக்குறைபாடுகள் அரியன, ஒரு நிலையத்துக்கு ஆண்டில் வருவோர் சிலரே, பெரும் ஒப்பீட்டு ஆய்வு எவ்வாறு இயலும்?’ என்பர். நியாயமான தடை. ஆனால் அத்தடை அமைதிக்குக் காரணமாகாது. கூட்டுழைப்புக்கே காரணமாக வேண்டும். ஒவ்வொரு நிலையமும் கருவியை நோக்குமுன் இருந்த திட்டத்தையும், நோக்கியபின் எழுந்த திட்டத்தையும், இதயத்தைத் திறந்தபொழுது கண்டதையும், குழந்தை ஓராண்டின் பின் இருந்த நிலையையும் ஒரே தாளில் எழுதிவைத்தால் என்ன? படிமம் பிழைத்த இடங்களையும் மறையாது எழுதி, நிலையங்கள் யாவும் ஒன்றுசேர்த்தால் என்ன? அபொற் எழுதுகோலும் அட்டையும் கொண்டு செய்ததைச் செய்வதற்குக் கணினியுகத்தில் முடியாது என்பது நகைப்புக்குரியது.

இவ்வொப்பீட்டை வற்புறுத்துவதற்குத் தக்க காரணமுண்டு. மேலே சுட்டிய பிறிஸ்ரல் விசாரணை 1984 முதல் 1995 வரையான காலப்பகுதியை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2001 இல் வெளியாயிற்று. 1991 முதல் 1995 வரை அந்நிலையத்திற் சத்திரசிகிச்சை பெற்ற ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், பிற நிலையங்களின் சராசரியைக் கொண்டு எதிர்பார்த்ததிலும் 30 முதல் 35 பேர் வரை கூடுதலாக இறந்தனர் என அது கண்டது. அங்கு குறைவாயிருந்தது படிமம் அன்று. இதய மருத்துவர் ஓரிடத்திலும், திறந்த இதய சத்திரசிகிச்சை வேறோரிடத்திலுமாகச் சேவை பிளவுபட்டிருந்தது. கூட்டாக உழைக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. விளைவுகளை நேர்மையாகக் கணித்துத் தம்மைத்தாமே வினவும் பண்பு இல்லை. மயக்கமருந்து நிபுணர் ஸ்ரீவன் பொல்சின் எண்களைத் திரட்டி எச்சரித்தபொழுதும் அது உரியவாறு செவிமடுக்கப்படவில்லை. அன்று அந்நிலையத்தார் கையில் இன்றைய மெய்நிகர்க் கருவி இருந்திருப்பின் அக்குழந்தைகள் யாவரும் பிழைத்திருப்பர் என்று கூறத் துணிபவர் யார்? தன் விளைவைத் தானே எண்ணாத நிலையத்துக்குக் கருவி கண் தராது.

கருவியின் இயல்பில் உள்ள ஓர் இடரையும் இங்கு குறிப்பிடல் தகும். மேசைமீது வைத்த படத்தைப் பத்துப்பேர் சேர்ந்து நோக்கலாம். கண்ணாடிக் கருவியை அணிந்தவர் தனியே நிற்கின்றார். பலர் ஒருங்கே ஓர் உருவத்தினுள் நுழைந்து நோக்கும் வசதி இப்பொழுது உண்டெனினும், வசதி இருப்பது வேறு, வழக்கமாவது வேறு. இதய மருத்துவர், படிம நிபுணர், சத்திரசிகிச்சையாளர், மயக்கமருந்து நிபுணர், தாதி ஆகியோர் ஒருவரையொருவர் மறுத்துரைக்கும் கூட்டமே திட்டமிடலின் உயிர். கருவி அக்கூட்டத்துக்குப் பொருள் தருமாயின் வரவேற்போம். அதற்குப் பதிலாகுமாயின் எதிர்ப்போம்.

6

இவ்விவாதம் செல்வ நாடுகளின் விவாதம் என்றும், எமக்கு இதில் இடமில்லை என்றும் சிலர் கருதக்கூடும். அக்கருத்தும் திருத்தப்பட வேண்டியதே.

எமது நாட்டிற் குழந்தைகளின் இதய சத்திரசிகிச்சைக்கு நெடுங்காலமாகப் பிரதான நிலையமாக விளங்கிவருவது கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையாகும். கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை எமது மக்களின் பெரும்பேறு. ஆயினும் உரிமை இருப்பதனால் முறை விரைவில் வந்துவிடுவதில்லை. தூர மாவட்டமொன்றிற் பிறந்த குழந்தையின் குறைபாடு உரிய காலத்திற் கண்டறியப்படுதல், எக்கோ செய்வதற்குப் பயிற்சி பெற்றவர் அருகில் இருத்தல், சத்திரசிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கட்டிலும் தாதியும் கிடைத்தல் ஆகியவற்றில் ஒன்று தவறினும் எத்துணைச் சிறந்த திட்டமும் தாளிலேயே நின்றுவிடும். பிறந்த குழந்தையின் காலிற் சிறு உணரியொன்றைப் பொருத்திக் குருதியின் ஒட்சிசன் அளவை நோக்கும் எளிய சோதனை, ஆபத்தான குறைபாடுகள் பலவற்றை வீட்டுக்குச் செல்லுமுன்னரே காட்டிக்கொடுக்கின்றது. ஒரு நாடு அச்சோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைப்பதை உறுதிசெய்யாது, திறப்பு விழாவுக்காக மெய்நிகர்க் கூடமொன்றை அமைக்குமாயின் அது குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதன்று, புகைப்படத்துக்காகச் செய்யப்பட்டது.

இதனால், ‘முதலில் எல்லாம் சீராகட்டும், பின்னர் புதுமையைப் பார்ப்போம்’ என்று கூறவும் நாம் வரவில்லை. கருவியின் விலையே தடையென்பது இன்று முழுவதும் உண்மையன்று. ஸ்கான் தரவிலிருந்து முப்பரிமாண உருவத்தை ஆக்கும் ‘3டி ஸ்லைசர்’ என்னும் மென்பொருள் எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. இதயத்துக்கென அதற்கு உருவான துணைப்பகுதியின் வளர்ச்சியிற் பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலையினருக்குப் பெரும் பங்குண்டு. அரியது கருவியன்று; அதன்முன் அமர்ந்து எல்லையைச் சரியாக வரையத் தெரிந்த, வரைந்ததை ஐயுறவும் தெரிந்த மனிதரே அரியர். அத்தகையோரை உருவாக்குதல் பல்கலைக்கழகத்தின் தொழில். மருத்துவ பீடமும் பொறியியற் பீடமும் ஒருங்கே உடைய பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களில் இரு பீடத்து மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து, உரிய சம்மதத்துடன் பெற்ற ஒரு தரவினை வரைந்து, பின்னர் சத்திரசிகிச்சைக் குறிப்புடன் ஒப்பிடுவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பிறர் அனுப்பும் படிமங்களை வியந்து நிற்கும் நுகர்வோராக நாம் இருப்பதா, அவற்றைச் சரிபார்க்க வல்லோராக இருப்பதா என்பதே எம்முன் உள்ள தெரிவு.

7

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். சிக்கலான குறைபாடுடைய குழந்தைகளுக்குச் சிகிச்சை திட்டமிடுகையில் மெய்நிகர்ப் படிமத்தைப் பயன்படுத்துதல் தகும். எளிய துவாரத்துக்கு அதனைப் பயன்படுத்துதல் பகட்டாகும். படிமத்தில் அறிந்ததும் அறியாததும் வேறுபடுத்திக் காட்டப்படல் வேண்டும். நாண்களையும் மடல்களையும் பற்றிய தீர்ப்பு எக்கோவை மீள நோக்காமல் வழங்கப்படலாகாது. கருவிக்கு முந்திய திட்டம், பிந்திய திட்டம், திறந்து கண்டது, குழந்தையின் பின்னிலை ஆகிய நான்கும் பதியப்பட்டு, நிலையங்களுக்கிடையே பகிரப்படல் வேண்டும். பெற்றோருக்குப் படிமத்துடன் அதன் ஐயமும் கூறப்படல் வேண்டும். ஒரு குழந்தையின் தரவு பிற குழந்தைகளின் நலனுக்குப் பயன்படுமாயின், அதற்குப் பெற்றோரின் சம்மதம் முன்னரே பெறப்படல் வேண்டும்.

இவை கடுமையான நிபந்தனைகள் என்று கருவியை விரும்புவோர் குறைகூறுவர். 1944 இல் சத்திரசிகிச்சை பெற்ற அந்த நீலக் குழந்தையின் வயது பதினைந்து மாதம். சிகிச்சையாற் பயன்பெற்றபோதும் அது அடுத்த ஆண்டில் இறந்துவிட்டது. அன்று அம்மருத்துவர்கள் வெற்றியை மட்டும் எழுதிவிட்டு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. அடுத்த குழந்தைகளிடம் கண்டதைத் தாம் முன்னர் ஊகித்ததுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே சென்றனர். அவர்களிடம் இருந்தவை மங்கலான ஊடுகதிர்த் திரையும் விரல்நுனியும். எம்மிடம் இருப்பது அறையளவு பெரிய இதயம். அவர்கள் செய்த ஒப்பீட்டை நாம் செய்யத் தவறுவோமாயின், பெரிதாகியது படிமம் மட்டுமே.